தரையைச் சூடாக்கும் நீர்: பங்கீட்டுக் குழாயைத் தேர்ந்தெடுக்கும் முறை

காஷ்மீரத்தில் டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கி நாற்பது நாட்கள் நீடிக்கும் கடுங்குளிர்ப் பருவத்திற்குச் ‘சில்லை கலான்’ என்று பெயர். ‘பெரிய நாற்பது நாள்’ என்பது அதன் பொருள். அந்நாட்களில் ஸ்ரீநகரில் குழாய் நீர் உறைந்து போவதும், டால் ஏரியின் ஓரங்களில் பனிக்கட்டி படர்வதும் பலரும் அறிந்தவை. மார்கழிக் குளிருக்கே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வளர்ந்த நம்மவர், உத்தியோக நிமித்தமாகவோ பிற காரணத்தாலோ ஸ்ரீநகர், சிம்லா, லே, காங்டாக் முதலிய ஊர்களில் குடியேறிய முதல் ஆண்டில் படும் பாடு சொல்லுந்தரமன்று. ஊரிலிருந்து முதிய பெற்றோரை அழைத்து வந்து உடன் வைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு அக்கவலை இரட்டிப்பாகும்.

காஷ்மீர மக்கள் குளிரை எதிர்க்கப் பல உபாயங்களைக் கையாண்டு வந்திருக்கின்றனர். அங்கியின் உள்ளே வைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் கணப்புச் சட்டி ஒன்று; அறை நடுவே எரியும் புகாரி என்னும் இரும்பு அடுப்பு மற்றொன்று. இவ்விரண்டினும் மேலானது ஹமாம். ஓர் அறையின் தரையைக் கற்பலகைகளால் பரப்பி, அதன் அடியிலுள்ள வெற்றிடத்தில் விறகை எரிப்பர். அத்தீயின் மீதே செப்புக் கொப்பரையில் வெந்நீரும் தயாராகும். வீட்டார் அனைவரும் அச்சூடான தரையில் அமர்ந்து உண்டு உரையாடி உறங்குவர். பண்டை ரோமானியரின் குளியல் மாளிகைகளிலும், கொரியரின் ‘ஒண்டோல்’ அறைகளிலும் இதே தத்துவந்தான் விளங்கியது. தரையில் இலையிட்டு உண்டு, பாய் விரித்து உறங்கிய மரபினராகிய நமக்கும் சூடான தரை எளிதில் பிடித்துப் போவதில் வியப்பில்லை.

இக்காலத்தில் மலையூர்களில் கட்டப்படும் வீடுகளிலும் விடுதிகளிலும் விறகுக்குப் பதிலாக வெந்நீரே தரையைச் சூடாக்கும் முறை பரவி வருகிறது. தரைக்காங்கிரீட்டினுள் பிளாஸ்டிக் குழாயை வளைத்து வளைத்துப் பதித்து, அதில் 35 முதல் 45 டிகிரி சென்டிகிரேடு வரை சூடுள்ள நீரைச் சுழல விடுகின்றனர். நாம் குளிக்கும் வெந்நீரின் சூடே ஏறக்குறைய இதற்குப் போதும். மக்கள் நடமாடும் இடத்தில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரிக்கு மேற்படலாகாது என்பது ஐரோப்பியத் தர விதி. அதற்கு மேற்பட்டால் கால் எரியும். நீரிழிவால் பாத உணர்வு குன்றிய முதியவர்க்கு அது தெரியாமலே தீங்கு நேரும். இம்முறையின் முழு விவரத்தையும் ஒரு பேச்சில் அடக்க இயலாது. அதன் ஒரே ஓர் உறுப்பை மட்டும் இங்கே ஆராய்வோம். அதற்கு ‘மேனிபோல்டு’ என்று பெயர். நாம் அதைப் பங்கீட்டுக் குழாய் என்று வழங்குவோம்.

பங்கீட்டுக் குழாய் என்பது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரில் பொருத்தப்படும் இரண்டு தடித்த குழல்களே. மேற்குழலில் கொதிகலனிலிருந்து வெந்நீர் வருகிறது. அக்குழலில் வரிசையாக உள்ள வாய்களினின்று ஒவ்வொரு சுற்றும் புறப்பட்டு, தன் அறையின் தரைக்கடியில் சுற்றி வந்து, ஆறிய நீருடன் கீழ்க்குழலில் முடிகிறது. நம் நாட்டு ஏரிப்பாசனத்தை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஏரியிலிருந்து மதகு வழியே வரும் நீரைப் பல வாய்க்கால்களுக்கும் பிரித்து விடும் இடம் எதுவோ, அதுவே இது. தலைமடைக்காரர் தாராளமாகப் பாய்ச்சிக்கொள்ள, கடைமடைக்காரர் வயல் காய்ந்து கிடக்கும் வழக்கு நம் ஊர்களில் பழையது. அதைத் தீர்க்கவே நீர்க்கட்டி என்று ஓர் ஆளை வைத்து, இன்னின்ன வயலுக்கு இவ்வளவு நேரம் என்று முறை வைத்தனர். வீட்டின் தரைக்குள் ஓடும் நீருக்கும் ஒரு நீர்க்கட்டி வேண்டும். நல்ல பங்கீட்டுக் குழாய் என்பது அந்த நீர்க்கட்டி நின்று அளந்து விடுவதற்கு இடந்தருவது. மட்டமானது, வெறும் துளைகளையுடைய இரும்பு உருளை.

இவ்வுறுப்பின்மீது இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் எளிது. மற்றவையெல்லாம் காங்கிரீட்டினுள் புதைந்துவிடும். புதைந்த குழாயைத் தளத்தை உடைத்தாலன்றிக் காண முடியாது. 1947-ஆம் ஆண்டு முதல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்னும் குடியிருப்பில் ஆயிரக்கணக்கான சிறு வீடுகள் கட்டப்பட்டபோது, தரைச்சூட்டிற்காகச் செப்புக் குழாய்களைத் தளத்தினுள் பதித்தனர். காலப்போக்கில் அவற்றுள் பல கசிந்தன. தளத்தை உடைக்க விரும்பாத வீட்டார் அக்குழாய்களைக் கைவிட்டு வேறு முறைகளுக்கு மாறினர். இன்று பயன்படும் குறுக்குப் பிணைப்புடைய பாலிதீன் குழாய் அவ்வாறு அரிபடுவதில்லை. ஆயினும் அதிலிருந்து கற்ற பாடம் ஒன்று நிலைத்துவிட்டது: தளத்தினுள் இணைப்பு ஒன்றும் இருக்கலாகாது. ஒவ்வொரு சுற்றும் ஒரே துண்டாகப் பங்கீட்டுக் குழாயில் புறப்பட்டு, அங்கேயே வந்து முடிய வேண்டும். ஆகவே வீடு முழுவதற்கும் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற, பிற்காலத்தில் திருத்தக்கூடிய இடம் அது ஒன்றே. அதில் மிச்சம் பிடிக்க நினைப்பது, வீட்டையெல்லாம் கட்டிவிட்டுக் கதவின் பூட்டில் காசைக் குறைப்பது போன்றது.

கடைக்குச் சென்று ‘ஆறு வாய்ப் பங்கீட்டுக் குழாய் ஒன்று கொடு’ என்று கேட்பதற்கு முன் வீட்டின் வரைபடத்தின்மீது சுற்றுகளை வரைந்து பார்த்துவிட வேண்டும். பலர் இதை மாற்றிச் செய்கின்றனர். கடையில் இருந்ததை வாங்கி வந்து, அதிலுள்ள வாய்களுக்கு ஏற்பச் சுற்றுகளைப் பிரிக்கின்றனர். பெரிய கூடத்திற்கு ஒரே நீண்ட சுற்றும், சிறிய குளியலறைக்கு ஒரு குட்டைச் சுற்றுமாக அமைந்து, கூடம் என்றுமே சூடேறாமற் போகிறது.

ஓர் உதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். கூடம் 24 சதுர மீட்டர், அஃதாவது ஏறத்தாழ 260 சதுர அடி. படுக்கையறை இரண்டு, ஒவ்வொன்றும் 12 சதுர மீட்டர். சமையலறை 9, குளியலறை 4. பதிக்கும் குழாய் 16 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. தடிப்பும் உடையது. வரிக்கு வரி 15 செ.மீ. இடைவெளி விட்டுப் பதித்தால் சதுர மீட்டருக்கு 6.7 மீட்டர் குழாய் பிடிக்கும். ஆகவே படுக்கையறைக்கு 80 மீட்டர். போகவர வழிக்குழாய் சேர்ந்து 90 மீட்டர் ஆகலாம். இவ்வளவு மெல்லிய குழாயில் ஒரு சுற்று 100 மீட்டருக்கு மேற்படாதிருப்பது நலம். கூடத்திற்கு 160 மீட்டர் வேண்டுமாதலால் அதை இரண்டு சுற்றாகப் பிரித்தே ஆக வேண்டும். பிரிக்காமல் ஒரே சுற்றாக விட்டால், இரு மடங்கு நீரை இரு மடங்கு தூரம் தள்ள நேரிடும். அதற்குப் பம்பு தர வேண்டிய அழுத்தம் இரு மடங்கோடு நில்லாது ஆறு மடங்கிற்கு ஏறிவிடும். சமையலறைக்கு 60 மீட்டர். குளியலறையில் நெருக்கமாக 10 செ.மீ. இடைவெளியில் பதித்தால் 40 மீட்டர். மொத்தம் ஆறு சுற்றுகள். எனவே ஆறு வாய்கள். பின்னாளில் பூஜையறையோ மற்றோர் அறையோ சேர்க்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் ஏழாவது வாய் ஒன்றை மூடியிட்டு வைத்துக்கொள்ளலாம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பன்னிரண்டு வாயுள்ளதை வாங்குவது வீண். மாடி வீடாயின் மாடிக்கு வேறொரு பங்கீட்டுக் குழாய் வைப்பதே முறை.

இனி ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு நீர் வேண்டும் என்று கணக்கிடலாம். இக்கணக்கிற்குப் பெரிய கல்வி தேவையில்லை. ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி ஆறும்போது ஒரு கிலோகலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. மணிக்கு ஒரு கிலோகலோரி என்பது 1.163 வாட்டு. நீர் தரையில் சுற்றி வருவதற்குள் 5 டிகிரி ஆறுமாறு வைத்துக்கொண்டால், மணிக்கு ஒரு லிட்டர் ஓட்டம் ஏறத்தாழ 5.8 வாட்டு தரும். சுவரிலும் கூரையிலும் ஓரளவு வெப்பக் காப்பு அமைந்த வீட்டில் சதுர மீட்டருக்கு 70 வாட்டு வேண்டும் என்று கணக்கின்பொருட்டுக் கொள்வோம். படுக்கையறைக்கு 840 வாட்டு, மணிக்கு 145 லிட்டர், நிமிடத்திற்கு 2.4 லிட்டர். கூடத்தின் இரு சுற்றுகளும் தனித்தனியே அதே அளவு. சமையலறைக்கு நிமிடத்திற்கு 1.8 லிட்டர், குளியலறைக்கு 0.8 லிட்டர். ஆறு சுற்றுக்கும் சேர்ந்து நிமிடத்திற்கு 12 லிட்டர் சொச்சம். ஓர் அங்குல உள்விட்டமுடைய குழலுக்கு இது எளிய சுமை. ஆகையால் இத்தகைய வீட்டிற்கு ஒன்றேகால் அங்குலக் குழலை விற்க முயலும் வியாபாரியிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம்.

இப்போது தலைமடை, கடைமடை விவகாரத்திற்கு வருவோம். 90 மீட்டர் நீளமுள்ள படுக்கையறைச் சுற்றில் 2.4 லிட்டர் ஓடுவதற்குத் தேவையான அழுத்தம், 45 மீட்டரே உள்ள குளியலறைச் சுற்றின் வாயிலும் அப்படியே நிற்கிறது. இரண்டும் ஒரே குழலிலிருந்து பிரிபவை அல்லவா? அவ்வழுத்தத்தில் கட்டுப்பாடின்றி விட்டால், 0.8 லிட்டர் போதுமான குளியலறைச் சுற்று ஏறத்தாழ மூன்றரை லிட்டரைக் குடிக்கும். கேட்டதைப் போல் நான்கு மடங்கு! குளியலறைத் தரை கொதிக்க, தாத்தா பாட்டி உறங்கும் கோடியறை சில்லிட்டுக் கிடக்கும். அப்போது வீட்டார் என்ன செய்கின்றனர்? கொதிகலனின் சூட்டை ஏற்றுகின்றனர்; பெரிய பம்பு வாங்கி மாட்டுகின்றனர். எரிபொருட் செலவு ஏறுகிறதேயன்றிக் கோடியறை மாறுவதில்லை. குறை சூட்டில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது.

ஆதலின் பங்கீட்டுக் குழாயில் நாம் முதலில் தேட வேண்டியது, ஒவ்வொரு வாயிலும் தனித்தனியே ஓட்டத்தைக் குறுக்கும் வால்வும், எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் ஓட்டமானியும் ஆகும். ஓட்டமானி என்பது சிறு கண்ணாடிச் சிமிழ் போன்றது. அதனுள் ஒரு குமிழ் நீரோட்டத்திற்கேற்ப இறங்கி, பக்கத்திலுள்ள அளவுக் கோட்டில் நிற்கும். பெரும்பாலும் வெந்நீர் புறப்படும் குழலில் இவை வரிசையாக நிற்கும். திரும்பும் குழலில் வால்வுகள் இருக்கும். ஓட்டமானி இல்லாத பங்கீட்டுக் குழாய் விலை மலிவு. அதில் எத்தனை சுற்றுத் திருகினோம் என்று விரலால் எண்ணியே ஓட்டத்தை அமைக்க வேண்டும். தேர்ந்த பொறியாளர் உடனிருந்தால் அதுவும் சரியே. அவர் மறுநாள் சண்டிகருக்கோ டில்லிக்கோ போய்விட்டால், பிறகு வீட்டார் பாடு திண்டாட்டம். ஒரு பெருஞ்செலவைத் தவிர்க்க வேண்டுமானால் பளபளப்பான பெட்டியைத் தவிருங்கள், எண்ணியக்கக் கருவிகளைத் தவிருங்கள். ஓட்டமானியைத் தவிர்க்க வேண்டாம் என்பதே என் துணிபு.

ஓட்டமானியிலும் அளவுக்கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். நம் உதாரண வீட்டில் 0.8 முதல் 2.4 வரை தேவை. அரை லிட்டரில் தொடங்கி 5 லிட்டர் வரை காட்டுவது பொருந்தும். ஒரு லிட்டருக்குக் கீழே கோடே இல்லாத கருவியில் குளியலறையின் அளவை எப்படிப் படிப்பது? கண்ணாடிச் சிமிழைக் கழற்றித் துடைக்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்க. சில ஆண்டுகளில் துருக்கறை படிந்து உள்ளே ஒன்றும் தெரியாமற் போவது உண்டு. அக்கறை வருவதற்கு முக்கியக் காரணம், பிளாஸ்டிக் குழாயின் சுவர் வழியே காற்றிலுள்ள பிராணவாயு நீருக்குள் ஊடுருவி, பம்பு, கொதிகலன் முதலிய இரும்பு உறுப்புகளை அரிப்பதே. பிராணவாயுத் தடுப்புப் படலம் உள்ள குழாயையே வாங்க வேண்டும். பங்கீட்டுக் குழாய்க்கு முன்னால் வடிகட்டி ஒன்றும் வைத்துவிட்டால் மேலும் நன்று.

பித்தளையா, எவர்சில்வரா, பிளாஸ்டிக்கா என்ற கேள்வி எப்போதும் எழுகிறது. என் கருத்தில் இதற்கு மக்கள் அளவுக்கு மிஞ்சிய முக்கியத்துவம் அளிக்கின்றனர். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். தரங்குறைந்த பித்தளையிலிருந்து துத்தநாகம் சிறிது சிறிதாக நீரில் கரைந்து போய், எஞ்சிய செம்பு பஞ்சுபோல் நொய்ந்துவிடும். இக்குறை நேராதவாறு தயாரித்த பித்தளை எனச் சான்று உள்ளதைக் கேட்டு வாங்கலாம். எவர்சில்வர் குழல் மெல்லிய சுவருடையது, இலேசானது, துருவைப் பெரிதும் தாங்குவது. எனினும் குளோரைடு உப்பு மிகுந்த நீர் அதற்கும் ஆகாது. நைலான் வகைப் பிளாஸ்டிக்கில் வார்த்தவற்றுக்கு அரிப்புப் பயமே இல்லை. ஒவ்வொரு வாயாகச் சேர்த்து நீட்டிக்கொள்ளவும் முடியும். ஆனால் இரும்புக் குழாயை முடுக்கிப் பழகிய கையால் பெரிய ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் திருகுமரை போய்விடும். மூன்றுமே நல்ல தயாரிப்பாக இருந்தால் நெடுங்காலம் உழைக்கும். பொருத்துகிறவர் எதில் பழகியவரோ அதை வாங்குவது புத்திசாலித்தனம்.

இதனினும் முக்கியமானது உதிரி உறுப்பு கிடைப்பது. பனியால் கணவாய் அடைபட்டிருக்கும் நாட்களில் லே நகருக்கு ஒரு ரப்பர் வளையம் வந்து சேர்வதும் எளிதன்று. ஆகவே ஒரு கம்பெனிக்கு மட்டும் உரிய விசித்திரமான திருகும் அளவும் உடையவற்றை ஒதுக்கிவிட வேண்டும். சுற்றுக்குழாயை மாட்டும் வாய், முக்கால் அங்குல ‘யூரோகோன்’ எனப்படும் பொது அளவில் இருக்கட்டும். தானியங்கித் தலையை மாட்டும் வால்வின் மரை, 30 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. இடைவெளியும் உடைய பொது மரையாக இருக்கட்டும். இவ்விரண்டும் அமைந்தால் ஒரு கம்பெனியின் குழாயில் மற்றொரு கம்பெனியின் உறுப்பைப் பெரும்பாலும் பொருத்தலாம். வாங்கும்போதே ஓர் ஓட்டமானிச் சிமிழும் சில வளையங்களும் கூடுதலாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது மலைநாட்டு வாழ்க்கைக்கு ஏற்ற முன்யோசனை.

தானியங்கித் தலை என்று சொன்னேன். அது மின்சாரத்தால் வால்வைத் திறந்து மூடும் சிறு கருவி. அறையிலுள்ள தெர்மோஸ்டாட் கட்டளையிட, அந்தச் சுற்று திறக்கும் அல்லது அடைபடும். எல்லா அறைகளுக்கும் இது வேண்டுமென்று விற்பனையாளர் வற்புறுத்துவர். காங்கிரீட்டுத் தரை மெல்லச் சூடேறி மெல்ல ஆறும் இயல்புடையது. மணிக்கொரு முறை கட்டளையிட்டு அதை ஆட்டிவைக்க முடியாது. வெயில் வந்து விழும் தெற்கு முகக் கூடத்திற்கும், எப்போதாவது மட்டும் ஆள் தங்கும் விருந்தினர் அறைக்கும் வைத்தால் போதும். எல்லாவற்றுக்கும் வைப்பதாயின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால் பம்பு முட்டுச்சந்தில் நீரைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அதற்காகப் பங்கீட்டுக் குழாயின் கோடியில் அழுத்தம் மிகும்போது தானே திறக்கும் மாற்றுவழி வால்வு வேண்டும். அன்றேல் குளியலறைச் சுற்றையாவது தலையின்றித் திறந்தே விட வேண்டும். இத்தலைகளுள் பெரும்பாலானவை மின்சாரம் நின்றால் மூடிக்கொள்ளும் வகையின.

அடுத்து, வெந்நீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து ஒரு முடிவு செய்ய வேண்டும். ஹீட் பம்ப் என்னும் வெப்ப இறைப்பான் 35 அல்லது 40 டிகிரியிலேயே நீரைத் தர வல்லது. அதை நேரே பங்கீட்டுக் குழாயில் விடலாம். விறகிலோ டீசலிலோ எரியும் கொதிகலன் 70 டிகிரிக்கும் மேற்பட்ட நீரைத் தரும். அதை அப்படியே தரைக்குள் விட்டால் தளம் வெடிக்கும், மரத்தரையாயின் முறுக்கிக்கொள்ளும், பாதம் கன்றும். ஆதலால் திரும்பி வரும் ஆறிய நீரைச் சேர்த்துச் சூட்டைக் குறைக்கும் கலப்பு வால்வும், அதற்கெனத் தனிப் பம்பும் அமைந்த பங்கீட்டுக் குழாயை வாங்க வேண்டும். அதனுடன், நீர் 55 டிகிரியை எட்டினால் பம்பை நிறுத்தும் காவல் தெர்மோஸ்டாட்டும் இருப்பது அவசியம். ஹீட் பம்ப் உடையவர் இதற்குச் செலவிடத் தேவையில்லை. கொதிகலன் உடையவர் இதில் சிக்கனம் பார்க்கலாகாது.

பங்கீட்டுக் குழாயை வைக்கும் இடம் வீட்டின் நடுவில், எல்லா அறைகளுக்கும் ஏறத்தாழச் சமதூரத்தில் இருக்க வேண்டும். வாய்க்கு வாய் 5 செ.மீ. இடைவெளி இருப்பதால் ஆறு வாய்களுக்கு 30 செ.மீ.; இரு முனையிலுள்ள வால்வுகள் முதலியவை சேர்ந்து அகலம் இன்னும் கூடும். தரைமட்டத்திற்கு மேலே, குழாய்கள் இயல்பாக வளைந்து ஏறுமளவு உயரத்தில் வைத்தால் சுற்றுகளிலுள்ள காற்று மேலேறி அங்கே சேரும். அதை வெளியேற்ற ஒவ்வொரு குழலிலும் காற்றுத் திருகு ஒன்றும், நீரை நிரப்பவும் வடிக்கவும் குழாய் மாட்டும் வால்வு ஒன்றும் இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்க. முதலில் நீர் நிரப்பும்போது மற்றச் சுற்றுகளை மூடிவிட்டு ஒவ்வொரு சுற்றாக நீரோட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று சிக்கிய சுற்றில் நீர் ஓடாது. அவ்வறை குளிர்ந்தே கிடக்கும். குழாயைச் சுவரோடு சுவராகப் பூசி மறைக்க விரும்பும் கட்டடக் கலைஞர்களுக்கு இடங்கொடாதீர்கள். திறக்கும் கதவுள்ள பெட்டியே வேண்டும்.

குளிர் வெளித் தாழ்வாரத்தில் அதை வைப்பது மிகுந்த ஆபத்து. நீர் பதினொரு பங்கு உறைந்தால் ஏறக்குறையப் பன்னிரண்டு பங்கு இடம் கொள்ளும். பாலிதீன் குழாய் சற்று நெகிழ்ந்து கொடுத்தாலும் ஓட்டமானியின் சிமிழும் பித்தளை வாயும் நெகிழா; அவையே முதலில் விரிசலுறும். குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு மாதம் ஊருக்கு வருவது நம்மவரிடையே சகஜம். அத்தகையோர் நீருடன் புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் உறைதடுப்புத் திரவத்தைக் கலந்துவிட வேண்டும். நூற்றுக்கு 30 பங்கு கலந்தால் பூஜ்யத்திற்குக் கீழ் ஏறத்தாழ 13 டிகிரி வரை உறையாது. லே நகரில் பூஜ்யத்திற்குக் கீழ் 20 டிகிரிக்கு இறங்கும் இரவுகள் உண்டாதலால் அங்கே இது போதாது. சரிபாதி கலந்தால் பூஜ்யத்திற்குக் கீழ் 30 டிகிரிக்கும் அப்பால் தாங்கும். ஆனால் இக்கலவை நீரைவிடக் குழகுழப்பானது, நீரைவிடக் குறைந்த வெப்பத்தையே சுமப்பது. ஓட்டத்தைச் சிறிது கூட்ட நேரிடும். ஓட்டமானிகள் வெறும் நீருக்கென அளவிடப்பட்டவையாதலால் அவை காட்டும் எண்ணும் சற்றுப் பிசகும். வாகனங்களில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷமாதலால் வீட்டிற்கு உகந்ததன்று.

கட்டி முடியாத வீட்டிற்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். காங்கிரீட்டு போடுமுன் குழாய்களில் 4 முதல் 6 பார் வரை அழுத்தம் ஏற்றிச் சோதிப்பதும், காங்கிரீட்டு இறுகும்வரை அழுத்தத்தை விடாது வைத்திருப்பதும் முறை. சோதனை முடிந்தபின் நீரை அப்படியே விட்டுவிட்டுக் கார்த்திகையில் வேலையை நிறுத்திச் சென்றால், பங்குனியில் வந்து பார்க்கும்போது உடைந்த குழலே எஞ்சும். நீரை வடித்து, காற்றழுத்தத்தால் ஒவ்வொரு சுற்றையும் ஊதித் துப்புரவாக்கி விட்டே செல்ல வேண்டும்.

எல்லாம் பொருத்தி முடிந்தபின் ஒருநாள் முழுதும் ஒதுக்கி, பொருத்துநரை உடன் வைத்துக்கொண்டு ஓட்டமானிகளை அமைக்கச் சொல்லுங்கள். மிக நீண்ட சுற்றின் வால்வை முழுதும் திறந்து வைத்து, குட்டைச் சுற்றுகளைக் குறுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒன்றைக் குறுக்கினால் மற்றவற்றில் ஓட்டம் ஏறுமாதலால் இரண்டு மூன்று முறை வரிசையாகத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் எண்கள் நிலைக்கும். பிறகு பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டி, எந்த வாய் எந்த அறைக்கு, எத்தனை மீட்டர், நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்று எழுதி வைக்கவும். அதைத் தமிழில் மட்டும் எழுதாமல், உங்கள் ஊர்க் குழாய்க்காரர் படிக்கக்கூடிய இந்தியிலோ உருதுவிலோ சேர்த்து எழுதுங்கள். பனி கொட்டும் இரவில் வந்து பெட்டியைத் திறக்கப் போகிறவர் அவர்தாம்.